ஒளி புகுந்த நீர்

சர் சி.வி. இராமன் வாழ்வும் ஆய்வும்

நுழையும்முன்

மண்குடத்தில் எடுத்து வைத்த நீர் அசைவற்றுக் கிடப்பதாகவே நம் கண் சொல்கிறது. அந்நீருக்குள் ஓர் ஒளிக்கற்றை நுழைந்து வெளியேறும்போது வேறொரு செய்தியைக் கொண்டுவருகிறது. அச்செய்தியைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையே இப்பாடம். ஒளியிலிருந்து ஆற்றலைப் பெற்று நீரில் தாமே நகரும் நானோ இயக்கிகளை இன்றைய ஆய்வகங்கள் உருவாக்கி வருகின்றன. அவை நீந்தவேண்டிய உலகம் எத்தகையது என்பதையும் இவ்வாழ்க்கையின் வழியே அறியலாம்.

நீர்த்தலத்தில் பிறந்தவர்

குடகில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்வது காவிரி. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஆற்றிடைக்குறையில் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. சற்றுக் கிழக்கே கல்லணை. அதைக் கடந்தபின் ஆறு கிளைகிளையாய்ப் பிரிந்து தஞ்சை வயல்களுக்குள் நுழைகிறது. நெல் விளையும் அந்நாட்டின் தலைவாயில் என்று திருவானைக்காவைச் சொன்னால் தவறாகாது.

ஐம்பூதங்களுக்கும் உரியனவாகச் சைவர்கள் போற்றும் ஐந்து தலங்களுள் நீருக்குரியது திருவானைக்கா. சம்புகேசுவரர் கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அவ்வூரில், தம் தாயின் பிறந்தகத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். தாய் பார்வதி அம்மாள். தந்தை சந்திரசேகர ஐயர். தந்தைவழி முன்னோர் தஞ்சைப் பகுதியில் நிலம் வைத்து வாழ்ந்த குடியினர். நிலத்தை விட்டுக் கல்வியை நாடிய தலைமுறையைச் சேர்ந்தவர் சந்திரசேகர ஐயர். கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராக அவர் விசாகப்பட்டினம் சென்றபோது இராமன் நான்கு வயதுச் சிறுவர். ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளை, அதன்பின் கடற்கரையில் வளர்ந்தது.

ஆடி மாதத்தில் காவிரியில் வரும் புதுநீரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அதைக் குடத்தில் மொண்டு வைத்தால் மணல் உடனே அடியில் தங்கிவிடும். கலங்கல் மட்டும் எளிதில் தெளிவதில்லை. அதனால்தான் நம் முன்னோர் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளிய வைத்தனர். மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஏன் தாமாக அடியில் சென்று தங்குவதில்லை? அத்துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவது ஒரு காரணம். நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓயாது மோதி அவற்றை அலைக்கழிப்பது மற்றொரு காரணம். நுண்துகள்களின் இந்த ஒழுங்கற்ற அலைச்சலுக்குப் பிரௌனியன் இயக்கம் என்று பெயர். 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும், அடுத்த ஆண்டில் போலந்து நாட்டு அறிஞர் ஸ்மொலுகோவ்ஸ்கியும் அதற்குக் கணித விளக்கம் தந்தனர். அப்போது இராமன் சென்னையில் மாணவர். பிற்காலத்தில் அவர் ஆய்வின் அடித்தளமாக அமையப்போவது அவ்விருவரின் சிந்தனையே.

அலுவலும் ஆய்வும்

இராமன் தம் பதினோராம் வயதில் பள்ளி இறுதித் தேர்வில் வென்றார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லும் தகுதி அவருக்கு இருந்தது. மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். வெளிநாடு சென்று பயிலாமல் அவர் ஆராய்ச்சியாளர் ஆனதற்கு அந்த மருத்துவரும் ஒரு காரணம் எனலாம். ஒளி ஒரு செவ்வகப் பிளவைச் சாய்வாகக் கடக்கும்போது தோன்றும் விளிம்பு விளைவுப் பட்டைகளைப் பற்றி அவர் எழுதிய முதற்கட்டுரை, 1906ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற இயற்பியல் இதழொன்றில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அறிவியலைத் தொழிலாகக் கொண்டு வாழும் வழி அந்நாளில் இந்தியர்க்கு அரிதாகவே இருந்தது. எனவே அரசின் நிதித்துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரியை மணந்து, அதே ஆண்டில் துணைக் கணக்காயராகக் கல்கத்தா சென்றார். ஒருநாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அப்போது பெரும்பாலும் ஆளின்றிக் கிடந்தது. அதன் பணியாளர் ஆசுதோஷ் தே கதவைத் திறந்துவிட்டார். அன்றுமுதல் காலையில் அலுவலகம் செல்வதற்கு முன்னும், மாலையில் அலுவலகம் முடிந்த பின்னும் இராமனின் இடம் அதுவே ஆயிற்று. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார்; 1911இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

பத்து ஆண்டுகள் இவ்வாறு இரட்டை வாழ்க்கை வாழ்ந்த இராமனைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். அதை ஏற்றால் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 1917இல் இராமன் அரசுப் பணியைத் துறந்து அப்பதவியை ஏற்றார்.

வீணையின் குதிரையும் மிருதங்கத்தின் கரணையும்

கல்கத்தாவில் அவர் முதலில் ஆராய்ந்தது ஒலியை. தந்தை வயலின் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தஞ்சைத் தச்சர்கள் பலாமரத்தில் குடைந்து செய்யும் வீணையில் நரம்புகள் தங்கும் குதிரை, கூர்மையான விளிம்பாக இல்லாமல் அகன்று சற்றே வளைந்த பரப்பாக இருக்கும். அதிரும் நரம்பு அப்பரப்பைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. அதனால் மேற்சுரங்கள் பல பிறந்து நாதம் செழிக்கிறது என்று அவர் காட்டினார். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசப்படும் கரிய கரணை அவருக்கு இன்னும் பெரிய வியப்பைத் தந்தது. வெறுந்தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. முழக்கம் உண்டு, சுருதி இல்லை. கரணையின் எடை அவ்வதிர்வுகளை இசைவான மேற்சுரங்களாக ஒழுங்குபடுத்துகிறது. பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் செவியாலேயே இதைக் கண்டறிந்திருந்தனர் என்பதை அவர் உலக அறிவியலாரின் பார்வைக்குக் கொண்டுசென்றார்.

இவ்வாய்வுகளை இராமனின் வாழ்வில் ஒரு பக்கக் கதையாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய சில அதிர்வெண்களில் மட்டும் அதிரும் என்னும் உண்மையை வீணையும் மிருதங்கமும் அவருக்கு நன்கு பழக்கின. அதையே அவர் பின்னாளில் மூலக்கூறுகளிடமும் காணவிருந்தார்.

கடலின் நிறம்

1921ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டில் கலந்துகொள்ள இராமன் முதன்முறையாகக் கப்பலேறினார். நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தி வைத்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளித்துத் தெரிகிறது என்பது ராலே பிரபு சொன்ன விளக்கம். நோபல் பரிசு பெற்ற பேரறிஞரின் கூற்றாதலால் அதை எவரும் ஐயுறவில்லை. இராமன் ஐயுற்றார். ஐயத்தோடு அவர் நின்றுவிடாமல் சோதித்துப் பார்த்ததுதான் இங்கே கருதத்தக்கது. கப்பல் தளத்தில் நின்று, கையிலிருந்த சிறிய நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட சாய்வில் எதிரொளித்து வரும் ஒளியை அப்பட்டகத்தைத் திருப்பித் தடுத்துவிட முடியும். வானத்தின் எதிரொளி மறைந்த பிறகும் கடலின் நீலம் மறையவில்லை. முன்னினும் தெளிவாகத் தெரிந்தது. அந்நிறம் கடலின் உள்ளிருந்தே வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் தம் குறிப்பை இங்கிலாந்திலிருந்து வரும் நேச்சர் இதழுக்கு அனுப்பினார்.

நீரின் உள்ளே ஒளியைச் சிதறடிப்பது எது? தூசு என்று சொல்லலாம். தூசே இல்லாத தூய நீரிலும் ஒளி சிதறுகிறதே! இங்கேதான் ஐன்ஸ்டைன், ஸ்மொலுகோவ்ஸ்கி ஆகியோரின் கணிதம் இராமனுக்குத் துணைநின்றது. மூலக்கூறுகள் ஓயாது அலைந்துகொண்டிருப்பதால், நீர்மத்தின் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் ஒரு கணம் அங்கே மூலக்கூறுகள் நெருங்கும், மறுகணம் விலகும். அடர்த்தியில் நேரும் இந்தத் தடுமாற்றமே ஒளியைச் சிதறடிக்கிறது. களிமண் துகளை அலைக்கழிக்கும் அதே அமைதியின்மை, ஒளியையும் வழிமாற்றுகிறது. இக்கருத்தை விரித்து 1922இல் ஒளியின் மூலக்கூற்றுச் சிதறல் குறித்து ஒரு நூல் எழுதினார். நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிவிடுவதும் கடலின் நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் அந்நிறத்தை நீரினுள்ளே தேடவேண்டும் என்று காட்டியது இராமனின் பட்டகமே.

ஏழு ஆண்டுத் தேடல்

அதன்பின் இராமனும் அவர் மாணவர்களும் ஏழு ஆண்டுகள் நீர்மங்களிலேயே மூழ்கிக் கிடந்தனர். ஒரு நீர்மத்தைக் கண்ணாடிக் குமிழில் எடுத்து, வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூசு நீக்குவர். தொலைநோக்கியின் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து அதனுள் செலுத்துவர். இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பக்கவாட்டில் சிதறி வரும் மங்கிய ஒளியைப் பார்ப்பர். தேற்றாங்கொட்டை இழைத்து நீர் தெளிவிப்பவரின் பொறுமையும் இதற்குப் போதாது.

அவர்கள் கையாண்ட உத்தி எளியது. சூரிய ஒளியின் வழியில் நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றை வைத்தனர். பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே, அந்நிறத்தை முற்றிலும் தடுத்துப் பச்சை மஞ்சளை மட்டும் விடும் வேறொரு வடிகட்டியை வைத்தனர். சிதறலில் ஒளியின் நிறம் மாறுவதில்லை என்றால் எதுவுமே தெரியக் கூடாது. 1923இல் இச்சோதனையைச் செய்த கே.ஆர். இராமநாதனுக்கு மிக மங்கலான ஒளித்தடம் ஒன்று தெரிந்தது. நீர்மத்தில் எஞ்சிய மாசு உமிழும் ஒளியாக இருக்கக்கூடும் என்று கருதி மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். தடம் மறையவில்லை. 1925இல் கே.எஸ். கிருஷ்ணன் பார்த்தார், அப்போதும் இருந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வேங்கடேசுவரன் தூய கிளிசரினில் அதைத் தெளிவாகக் கண்டார். சாதாரண ஒளிர்வில் இல்லாத ஒரு பண்பும் அதில் இருந்தது. அவ்வொளியின் அதிர்வு பெரிதும் ஒரே தளத்தில் அமைந்திருந்தது. மாசின் ஒளிர்வு அவ்வாறு இராது. 

எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதும்போது ஆற்றலை இழந்து அலைநீளம் மாறுவதைக் கண்டதற்காக அவ்வாண்டுதான் காம்ப்டனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மூலக்கூறுகளோடு அவ்வாறே ஆற்றல் கொடுக்கல் வாங்கல் செய்கிறதோ என்னும் எண்ணம் இராமனுக்கு உறுதிப்பட்டது. 1928 தொடக்கத்தில் கிருஷ்ணன் பலப்பல நீர்மங்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் அத்தடம் இருந்தது. பிப்ரவரி 28ஆம் நாள், ஒளியைப் பகுத்துக் காட்டும் நிறமாலைக் கருவியின் வழியே இராமன் அதைப் பார்த்தார். உட்சென்ற ஒளிக்குரிய கோட்டை விட்டு விலகி, இருண்ட இடைவெளிக்கு அப்பால் புதிய ஒளி நின்றது. பாதரச ஆவி விளக்கின் தனித்தனிக் கோடுகளைக் கொண்டு சோதித்தபோது புதிய கோடுகள் கூர்மையாகத் தெரிந்தன. மார்ச்சு 16ஆம் நாள் பெங்களூரில் ஆற்றிய உரையில் அவர் தம் கண்டுபிடிப்பை விரிவாக அறிவித்தார்.

தெரிந்து தெளிவோம்

நீர்மத்தில் சிதறும் ஒளியில் பெரும்பகுதி நிறம் மாறாமல் வெளியேறும். ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று மட்டும் மூலக்கூறுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்து அதை அதிரச் செய்துவிட்டு, செந்நிறப் பக்கம் நகர்ந்து வரும். முன்பே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடம் ஆற்றலைப் பெற்று ஊதாப் பக்கம் நகர்ந்து வருவதும் உண்டு. அது இன்னும் அரிது. கொடுக்கும் அளவும் பெறும் அளவும் அந்த மூலக்கூறின் அதிர்வெண்ணைப் பொறுத்தவை. எனவே புதிய கோடுகள் விலகி நிற்கும் தொலைவை அளந்தால், அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம்.

பென்சீனுக்கு ஒரு வகைக் கோடுகள்; சாராயத்துக்கு வேறு வகை. நரம்பின் ஓசையைக் கேட்டே இது வீணை, இது தம்பூரா என்று நாம் பிரித்தறிவது போன்றது அது. அவர் கையாண்ட கருவிகளின் விலை 200 ரூபாய் அளவே இருக்கும் என்பர்.

புகழும் பிணக்கும்

அதே நாள்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்னும் இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இவ்விளைவைத் தாமாகவே கண்டிருந்தனர். அவர்களின் கட்டுரை பின்னரே வெளிவந்தது. 1929இல் சர் பட்டமும், 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசும் இராமனுக்கு வழங்கப்பட்டன. அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. விருதுநகர்ப் பகுதியிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனுக்கு அப்பரிசில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் இன்றும் உண்டு. முதற்கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன என்பதும், தேடலுக்குத் திசை காட்டியவர் இராமன் என்பதும் ஒருசேர உண்மை. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒருவர் பெயரை வைப்பது வழக்கம்; ஆனால் ஏழு ஆண்டுகள் இருட்டறையில் கண் விழித்தவர்கள் பலர்.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக இராமன் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். அங்கும் அவர் நீர்மங்களை விடவில்லை. கேளா ஒலி அலைகள் ஒரு நீர்மத்தின் ஊடே செல்லும்போது அது ஒளிக்கு வரிவரியான தடுப்புப் போலாகிவிடுகிறது. அதன் வழியே ஒளி எவ்வாறு விலகும் என்பதை நாகேந்திரநாத் என்பவருடன் சேர்ந்து விளக்கினார். நிருவாகத்தில் அவருக்கு எதிர்ப்பு வளர்ந்து, 1937இல் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார்.

அவர் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. 1933இல் இடம் கேட்டு வந்த கமலா சோஹோனியைப் பெண் என்னும் காரணத்தால் முதலில் ஏற்க மறுத்தார். அவர் விடாது நின்று கேட்டபின் ஓராண்டு தகுதிகாண் முறையில் சேர்த்துக்கொண்டார். கமலாவின் உழைப்பு இராமனின் எண்ணத்தை மாற்றியது. பின்னர் அன்னா மாணி போன்ற பெண்கள் அவர் ஆய்வகத்திலேயே பணியாற்றினர். கடலின் நிறம் குறித்துப் பிறர் சொன்னதை ஏற்க மறுத்த மனிதர், பெண்கள் குறித்துத் தம் காலம் சொன்னதைச் சோதிக்காமல் ஏற்றிருந்தார் என்பது வருத்தத்திற்குரியது.

அமைதியற்ற நீரில் ஒரு நேர்வழி

இராமனின் தமையன் சுப்பிரமணிய ஐயரின் மகன் சந்திரசேகர். 1928ஆம் ஆண்டுக் கோடையில், பதினேழு வயதில், கல்கத்தா சென்று சிற்றப்பாவின் ஆய்வகத்தில் சில வாரங்கள் இருந்தார். புதிய கண்டுபிடிப்பின் சூடு தணியாத நாள்கள் அவை. பின்னாளில் விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய ஆய்வுக்காக அவரும் 1983இல் நோபல் பரிசு பெற்றார். விண்ணை ஆராய்ந்த அவர், 1943இல் பிரௌனியன் இயக்கம் முதலிய ஒழுங்கற்ற இயக்கங்களின் கணிதத்தைத் தொகுத்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். நீரில் அலையும் துகளுக்கும் விண்மீன் கூட்டத்தில் அலையும் விண்மீனுக்கும் ஒத்த சமன்பாடுகள் பொருந்தும் என்று அதில் காட்டினார். சிற்றப்பா ஒளியின் வழியே கண்ட அமைதியின்மையை மகன் எழுதுகோலால் அளந்தார் எனலாம்.

அவ்வமைதியின்மைக்கு நடுவே ஒரு சிறு பொருளைக் குறித்த திசையில் செலுத்த இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேடுபவையே நானோ இயக்கிகள். ஒரு மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இவ்வியக்கிகளில் பல 1000 நானோமீட்டர் அளவினவை. ஒரு நெல்மணியின் நீளத்தில் அவற்றை வரிசையாக அடுக்கினால் ஏழாயிரம், எட்டாயிரம் இயக்கிகள் அடங்கும். அவ்வளவு சிறிய பொருளுக்கு நீர் தேனைப்போலப் பிசுபிசுப்பாகத் தோன்றும். காவிரியில் தோணி செலுத்துபவர் துடுப்பை நிறுத்தினாலும் தோணி சிறிது தூரம் போகும். நானோ இயக்கி அவ்வாறு போகாது, உந்துதல் நின்ற கணத்திலேயே நின்றுவிடும். நின்றதும் மூலக்கூறுகளின் மோதல் அதன் முகத்தை எங்கேனும் திருப்பிவிடும். ஆகவே இடைவிடாத உந்துதல் வேண்டும். அதற்கான ஆற்றலை எங்கிருந்து கொடுப்பது? எரிபொருள் தொட்டி வைக்க இடமில்லை. தொடாமலே கொடுக்கலாம், வேண்டும்போது நிறுத்தலாம், திசையையும் மாற்றலாம் என்னும் மூன்று வசதிகளும் ஒளியிடம் உண்டு.

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின், நீரில் மிதக்கும் நுண்ணிய உருண்டைகளை லேசர் ஒளியால் தள்ளியும் பிடித்தும் காட்டினார். ஒளிக்கு உந்தம் உண்டு என்பது முன்பே தெரிந்தது. அது நீருக்குள் ஒரு பொருளை நகர்த்துவதைக் கண்ணால் காண முடிந்தது அப்போதுதான். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் இராமன் பெங்களூரில் மறைந்தார். 1948இல் தாம் நிறுவிய இராமன் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுக்கல் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

தள்ளுவதற்கு அடுத்த படி, ஒளியைக் கொண்டு தானே ஓடும் பொருள். 1999இல் நெதர்லாந்து வேதியியலார் பெரிங்கா, புறஊதா ஒளியும் சிறிது வெப்பமும் பட்டால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு ஒன்றைத் தொகுத்தார். 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூறினும் பெரிய துகள்களில் வழி வேறு. டைட்டானியம் டைஆக்சைடு உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் பொன்முலாம் பூசுகின்றனர். ஒளி பட்டதும் இரு பாதிகளிலும் வேறுவேறு வேதிவினைகள் நிகழ்கின்றன. இரு பக்கத்தும் கரைந்துள்ள பொருள்களின் செறிவு வேறுபட, அவ்வேற்றுமையே நீரை ஒரு புறம் இழுத்துத் துகளை மறுபுறம் செலுத்துகிறது. ஒளியை மறைத்தால் ஓட்டம் நிற்கும். பழைய அலைச்சல் மட்டும் மிஞ்சும்.

இவை கூட்டமாகவும் கூடுகின்றன. 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் இபெல், தாமஸ் மாலக், அயூஸ்மன் சென் ஆகியோர் நீரில் இட்ட சில்வர் குளோரைடு துகள்களின் மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினர். ஒவ்வொரு துகளும் அயனிகளை வெளியிட்டது. அயலில் உள்ளது அதை உணர்ந்ததுபோல் நெருங்கியது. வயல்வாய்க்காலில் அயிரைமீன்கள் திரள்வதைப்போல அவை திரண்டன. அவற்றுக்கு மூளையில்லை, தலைமை இல்லை. வேதிவினை மட்டுமே உண்டு. உடலுக்குள் மருந்தைக் குறித்த இடத்திற்குச் சுமந்து செல்லவும், மாசுபட்ட நீரைத் தூய்மை செய்யவும் இத்தகைய திரள்கள் உதவக்கூடும் என்னும் நம்பிக்கையில் ஆய்வுகள் நடக்கின்றன. இன்னும் அவை பெரும்பாலும் ஆய்வகக் கண்ணாடித் தகடுகளைத் தாண்டவில்லை. புறஊதா ஒளி உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யும். உடலின் ஆழத்துக்கு ஒளி எளிதில் செல்லாது. எனவே சில ஆய்வாளர் ஒளியோடு காந்தத்தையும் சேர்க்கின்றனர். இராமன் இயக்குநராக இருந்த அதே பெங்களூர் அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷின் குழுவினர், காந்தப்புலத்தால் திருகாணி போலச் சுழன்று நீந்தும் நானோ இயக்கிகளை உருவாக்கியுள்ளனர். அவற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சி, நுண்ணுயிரி போன்ற சிறு பொருள்களைப் பற்றி இழுத்துச் சென்று விடுவிக்கவும் செய்தனர்.

இவ்வியக்கிகள் இராமன் விளைவால் ஓடுபவை அல்ல. ஒளியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. இராமன் கண்டதோ, சிதறும் ஒளி செய்யும் மிகச் சிறிய கொடுக்கல் வாங்கல். இரண்டும் வேறு. ஆயினும் லேசர் வந்தபின் இராமன் நிறமாலை பொருள்களை அடையாளம் காணும் அன்றாடக் கருவியாகிவிட்டது. டைட்டானியம் டைஆக்சைடின் அணுக்கள் அனடேசு, ரூட்டைல் என வேறுவேறு படிக வடிவங்களில் அமையக்கூடும். ஒளியால் வேதிவினையைத் தூண்டும் திறன் வடிவத்துக்கு வடிவம் மாறும். வெளித்தோற்றத்தில் இரண்டும் வெண்ணிறத் தூள்களே. ஆகவே இயக்கி செய்யப் புகுவோர், அத்தூளில் சிறிதை எடுத்து லேசர் ஒளியின் கீழ் வைத்து, விலகி நிற்கும் கோடுகளை அளந்து, எது எதுவென்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை நீரில் இடுகின்றனர்.